உயிரைக் காப்பாற்றினால் போதுமா?

சென்ற மாதம் திண்டுக்கல் கட்சி ஆபீசுக்கு ஒரு பெண் வந்தார். வேடசந்தூர் தாலுகாவைச் சேர்ந்தவர். நூற்பாலையில் சைடு பார்க்கும் தொழிலாளி. இடுப்பில் மூன்று வயதுப் பையன். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விடுகிறான். தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. குதிகால் தரையில் படுவதில்லை. ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது, பேசுவதெல்லாம் புரிகிறது. மேஜையில் கிடந்த பத்திரிகையை இழுத்துப் போட்டுவிட்டு அவன் சிரித்தபோது ஆபீசில் இருந்த எல்லோருமே வேலையை நிறுத்திவிட்டோம்.

"அண்ணே, இவனுக்கு மாசப் பணம் வர்றதுக்கு ஒரு மனு எழுதித் தரணும்" என்றார் அந்தத் தாய்.

மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல. எழுதிக்கொண்டே விசாரித்தோம். ஏழாம் மாதத்தில் பிறந்தவனாம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நாற்பது நாளுக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசிக்குத் தேதி சொன்னார்கள். எடை பார்க்க வரச் சொன்னார்கள். ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்கவில்லை என்ற பிறகுதான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினார். மூளை முடக்குவாதம் என்றார்கள். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றும் சொன்னார்களாம்.

"கை காலைப் பத்தி அப்போ யாரும் ஒண்ணும் சொல்லலையே அண்ணே. சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பதல்ல விஷயம். ஒரு கிலோக் குழந்தையின் மூச்சு நிற்காமல் நாற்பது நாள் இரவும் பகலும் காத்த டாக்டர்களையும் நர்சுகளையும் நாம் குறை கூற மாட்டோம். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த உயிரை அதற்கடுத்த நாள் யாரிடம் ஒப்படைத்தார்கள்? யாரிடமும் இல்லை. பஸ் ஏற்றி அனுப்பினார்கள். நாம் எழுப்புகிற பிரச்னை இதுதான்.

ஒரு உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். தமிழகம் குழந்தைச் சாவைக் குறைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் சர்க்கார் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியா முழுவதற்கும் 28, தமிழகத்தில் 13, கேரளத்தில் 6. தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவம், கிராம சுகாதார நர்ஸ், ஜில்லா ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று படிப்படியாக வந்த வளர்ச்சி இது. நமது திண்டுக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்பெல்லாம் நோய் முற்றினால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்கு ஓட வேண்டும். ஒரு ஜில்லாத் தலைநகரத்துக்கு மருத்துவக் கல்லூரி என்பது சலுகை அல்ல, உரிமை. வந்ததை வரவேற்கிறோம்.

ஆனால் இதன் பலன் என்ன? முன்பு இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் இன்று பிழைக்கின்றன. ஏழு மாதத்தில் பிறந்தவை, எட்டு மாதத்தில் பிறந்தவை, உள்ளங்கையில் அடங்குபவை. ("ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். அது தப்பு. கர்ப்பத்தில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.) உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. இத்தனை குழந்தைகளைச் சாவிலிருந்து மீட்கும்போது, அவற்றின் கை கால்களையும் மீட்கும் பொறுப்பு கூடவே வருகிறது. அதை சர்க்கார் இன்னும் உணரவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள்

குறைமாதக் குழந்தைக்கு இயன்முறைச் சிகிச்சை என்றால் பலர் சிரிப்பார்கள். பிசியோதெரபி என்பது கால் முறிந்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். மூச்சுக்கே போராடுகிற பிஞ்சுக்கு என்ன தேகப் பயிற்சி?

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டபோது விஷயம் எளிதாகப் புரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் குழந்தை சும்மா இருப்பதில்லை. இடம் நெருக்கடியாகிறது. முழங்காலை மடக்கி, கையை நெஞ்சோடு சேர்த்து, சுருண்டு கிடக்கிறது. உதைத்தால் கர்ப்பப்பையின் சுவர் எதிர்த்து நிற்கிறது. அந்த உதையில்தான் தசைக்கு முறுக்கு ஏறுகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி சேருவதும் அந்த மாதங்களில்தான். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இவையெல்லாம் பறிபோகின்றன. மெத்தையில் மல்லாக்கக் கிடக்கிறது. உதைக்கச் சுவர் இல்லை. தசையில் வலு இல்லாததால் கையும் காலும் தவளை போலப் பரந்து விழுகின்றன; தலை ஒரே பக்கம் சாய்கிறது. வாரக் கணக்கில் அப்படியே கிடந்தால் இடுப்பு, தோள், கணுக்கால் எல்லாம் அந்தக் கோணத்திலேயே பழகிவிடும்.

இங்கேதான் பயிற்சி பெற்ற கை வேண்டும். அவர் செய்கிற முதல் காரியம் எதுவென்று நினைக்கிறீர்கள்? ஒரு துணியைச் சுருட்டிக் குழந்தையைச் சுற்றிக் கூடு மாதிரி வைப்பது! இழந்த கர்ப்பப்பைச் சுவரைத் துணியால் திருப்பிக் கொடுப்பது. கை வாய்க்கு எட்டும்படி வைப்பார். இத்தனை மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும் என்று நர்சிடம் சொல்வார். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒன்றாகச் செய்யும் திறமை சுமார் 32 முதல் 34 வாரத்தில்தான் குழந்தைக்குக் கைகூடத் தொடங்குகிறது. அது வருமுன் பிறந்ததற்குக் குழாய் வழியாகப் பால். அந்தக் குழாயிலிருந்து தாய்ப்பாலுக்கு மாறுவதற்காக உதட்டையும் கன்னத்தையும் விரலால் மெதுவாகத் தூண்டிப் பழக்குவார். இதற்கு லட்ச ரூபாய் யந்திரம் தேவையில்லை. தேவை ஒரு துணி, பத்து விரல், படித்த மூளை.

1986-இல் அமெரிக்காவில் டிஃப்பனி ஃபீல்டு என்ற பெண் விஞ்ஞானியும் அவரது சகாக்களும் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உடல்நிலை தேறிய குறைமாதக் குழந்தைகளுக்கு, ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம் வீதம், நாளுக்கு மூன்று தடவை, பத்து நாள் மென்மையாகத் தடவிக் கொடுத்துக் கை கால்களை மடக்கி நீட்டினார்கள். அப்படிச் செய்யப்பட்ட குழந்தைகளின் எடை மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக ஏறியது. ஆறு நாள் முன்பாகவே வீட்டுக்குப் போனார்கள். ஆறு நாள் என்பது நமது ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்த குடும்பத்துக்குத் தெரியும்.

"எண்ணெய் தேய்த்து உருவி விடுவதை எங்கள் அம்மா காலத்திலேயே செய்தோமே" என்று சொல்லும் பாட்டிமார்களைப் பார்த்து நாம் நகைக்கப் போவதில்லை. குழந்தைக்குத் தொடுகை வேண்டும் என்பதை அவர்கள் புத்தகம் இல்லாமலே கண்டார்கள். ஆனால் நிறைமாதப் பிள்ளைக்குச் செய்கிறபடி குறைமாதப் பிள்ளையைக் காலில் போட்டு உருவுவதும், கை காலைப் பின்னி இழுப்பதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் ஆபத்து. அதன் எலும்பு மெல்லியது; தோல் காகிதம் மாதிரி. அதிகம் தொட்டாலே மூச்சு தடுமாறும்.

பாட்டிமார்கள் மட்டுமா தவறு செய்வார்கள்? நியூஸிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் 1992-க்கும் 1994-க்கும் இடையில், மிகச் சீக்கிரம் பிறந்த 13 குழந்தைகளின் மூளையில் கடுமையான சேதம் காணப்பட்டது. சளியை வெளியேற்ற நெஞ்சில் தட்டிக் கொடுக்கும் சிகிச்சையோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக அந்த டாக்டர்களே ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். சிகிச்சை நிறுத்தப்பட்டது. தங்கள் தவறைத் தாங்களே உலகுக்குச் சொன்ன அந்த நேர்மையை மெச்ச வேண்டும். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? இந்த வேலையைப் போகிற போக்கில் யாரோ ஒருவர் செய்துவிட முடியாது. எப்போது தொட வேண்டும் என்பதைப் போலவே எப்போது தொடக் கூடாது என்பதும் தெரிந்தவர் வேண்டும். பெரியவர்களின் முதுகு வலிக்குப் பயிற்சி கொடுக்கிறவரை வாரத்துக்கொரு தடவை இங்கே எட்டிப் பார்க்கச் சொல்வது தீர்வாகாது. பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே பயிற்சி பெற்று, அங்கேயே வேலை செய்கிற நபர் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயன்முறைச் சிகிச்சை மந்திரம் அல்ல. மூளையில் ஏற்பட்ட காயத்தை அது அழித்துவிடாது. அந்த வேடசந்தூர்ப் பையனுக்கு முதல் மாதத்திலிருந்தே சிகிச்சை கிடைத்திருந்தால் இன்று ஓடியிருப்பான் என்று நாம் எழுதினால் அது பொய். ஆனால் காலம் கடந்து கண்டுபிடிப்பதற்கும் காலத்தில் கண்டுபிடிப்பதற்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். மூளை முடக்குவாதத்தை ஒன்று, ஒன்றரை வயதில்தான் சொல்ல முடியும் என்று முன்பு இருந்தார்கள். தக்க பரிசோதனை செய்தால் ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுகொள்ளலாம் என்று 2017-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து அறிவித்தார்கள். மூளை வேகமாக வளர்கிற அந்த மாதங்களில் பயிற்சி தொடங்கினால் தசை இறுகுவதை, மூட்டு கோணுவதைக் குறைக்கலாம். உட்காரவும், சோற்றைத் தானே எடுத்துத் தின்னவும் கற்றுக் கொடுக்கலாம். தானாகச் சோறு தின்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போக முடியும். நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தில், 1987-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் இதைக் கண்ணால் காட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகளின் தாய்மாருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் ஒரு வயதில் மற்றவர்களைவிட வளர்ச்சியில் முன்னே நின்றதை 2009-இல் வெளியிட்டார்கள்.

நம் வாசகர்களில் தாய்மார்கள் இருப்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுவோம். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். அந்தக் கணக்கில் நாலு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, கைகள் எப்போதும் முஷ்டியாக மூடியே இருக்கின்றன, ஒரு கையை மட்டும் நீட்டுகிறது, கால்கள் விறைத்துப் பின்னுகின்றன என்றால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு போங்கள். பகல் முழுவதும் சேலைத் தொட்டிலிலேயே போட்டு வைக்காதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

இல்லாமையில் பிறந்த வழி

"நம்மிடம் ஆள் இல்லை, பணம் இல்லை; இது பணக்கார நாட்டுச் சமாசாரம்" என்று கோட்டையில் இருப்பவர்கள் சொல்வார்கள். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

1978-இல் தென்னமெரிக்காவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து ஏழைகளின் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. நோய் தொற்றியது, குழந்தைகள் செத்தன. எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோலாக, நிமிர்த்திக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் சொல்லப்படுவது இதுதான். அதற்கு அடுத்த வருஷம், 1979-இல், சோவியத் எஸ்தோனியாவின் தல்லின் நகரத்தில் அடிக் லெவின் என்ற டாக்டருக்கு நர்சுகள் போதவில்லை. அவர் தாய்மார்களை உள்ளே அழைத்தார். இருபத்துநாலு மணி நேரமும் தாயே குழந்தையோடு இருந்து பராமரிக்க, டாக்டரும் நர்சும் வழிகாட்டினார்கள். இரண்டு இடத்திலும் பணக்கொழுப்பு இல்லை, இருந்தது பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்ட பதில், தாயை உள்ளே கொண்டு வருவது.

நமது நாட்டிலும் உதாரணம் உண்டு. இடதுசாரி முன்னணி ஆட்சி நடந்த மேற்கு வங்கத்தில், வறண்ட பூமியும் ஆதிவாசி மக்களும் நிறைந்த புரூலியா ஜில்லாவில், 2003-இல் ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே பச்சிளங்குழந்தைப் பிரிவு அமைத்தார்கள். நர்சு பற்றாக்குறைக்கு உள்ளூர்ப் பெண்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, உதவியாளர்களாக்கினார்கள். இன்று நாடு முழுவதும் ஜில்லாக்களில் இருக்கிற பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு அதுதான் முன்மாதிரி. டில்லிப் பத்திரிகைகள் இதை நினைவூட்டுவதில்லை.

2021-இல் வந்த செய்தி இன்னும் முக்கியமானது. உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்ஸானியா ஆகிய நாடுகளின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் 3,200-க்கு மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளை வைத்து ஆராய்ந்தது. நம் நாட்டில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. குழந்தையின் நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கியபோது, 28 நாளுக்குள் சாவு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. தாயை வெளியே நிறுத்தியதால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று இப்போது எண்ணிப் பாருங்கள்.

குடும்பத்தாரைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் அனுமதித்துப் பராமரிப்பில் பங்கெடுக்கச் செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்காரே 2017-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நல்ல காகிதம்தான். ஆனால் தாய்க்குக் குழந்தையின் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியும் கட்டிலும், அவள் சாப்பிட வேளா வேளைக்குச் சோறும் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது? பிரசவித்த பத்தாம் நாள் பச்சை உடம்போடு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று மணிக்கொரு முறை பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, சுவரோரம் படுக்கிற தாய்மார்களை நாம் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

கூலி போனால் யார் கொடுப்பது?

இனி நாம் சொல்லப் போவதை நம் தொழிற்சங்கத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

சிகிச்சை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு நாள் குழந்தையைத் திண்டுக்கல்லுக்குத் தூக்கி வா என்கிறார்கள். நத்தத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறிக்கிற பெண், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி தரம் பிரிக்கிற பெண், சின்னாளபட்டித் தறிக் குடும்பத்துப் பெண், இவர்கள் அந்த இரண்டு நாள் கூலியை எங்கே போய் வாங்குவார்கள்? நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் வந்தது நல்ல காரியம். ஆனால் பஸ் கட்டணம் போனால் கூலி வந்துவிடுமா? நாலு வாரம் வருவார்கள். ஐந்தாவது வாரம் நின்றுவிடுவார்கள். "தாய்க்கு அக்கறை இல்லை" என்று அங்கே கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள்!

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு பிரசவ நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு ஆயிற்று. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. 26 வாரம் அப்படியே இருக்கிறது. அதோடு, குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் கேடு ஏற்பட்டால் சம்பளத்தோடு மேலும் ஒரு மாதம் லீவு உண்டு என்ற ஷரத்தும் பழைய சட்டத்திலிருந்தே இருக்கிறது. நமது எத்தனை சங்கக் கிளைகளுக்கு இது தெரியும்? எத்தனை கிளை இந்த ஒரு மாதத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது? தாயின் நோய்க்குத்தான் அந்த லீவு. குழந்தை நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த நாற்பது நாளுக்கு ஈடாக ஒரு நாள்கூடச் சட்டத்தில் இல்லை.

இன்னொரு ஓட்டையைப் பாருங்கள். கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடுமையான வேலையும் நெடுநேரம் நின்று செய்யும் வேலையும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எந்தக் காலத்துக்கு? பிரசவத் தேதிக்கு முந்திய ஆறு வாரம், அதற்கும் முந்திய ஒரு மாதம். அதாவது சுமார் முப்பதாவது வாரத்திலிருந்துதான் பாதுகாப்பு. ஏழாம் மாதத்துப் பிள்ளையோ அதற்கு முன்பே பிறந்துவிடுகிறது! ஷிப்டு முழுவதும் ரிங் பிரேமுக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்கிற பெண்ணுக்கு இந்தச் சட்டத்தால் என்ன பயன்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணித் தொழிலாளிகளைப் பின்தொடர்ந்து 2024-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய அபாயம் சுமார் இரண்டு மடங்கு. செங்கல் சூளையிலும் காட்டு வேலையிலும் நிற்கிற நம் பெண்களின் கதை இது.

நம் ஆபீசுக்கு வந்த அந்தத் தாய் மறுபடியும் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒரு முறை குறைப்பிரசவம் ஆனவருக்கு மீண்டும் ஆகும் அபாயம் அதிகம் என்பது மருத்துவ உண்மை. அவர் அன்று மனுவை வாங்கிக்கொண்டு அரை மணிக்குள் கிளம்பிவிட்டார். இரண்டாவது ஷிப்டுக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் "ஆஸ்பத்திரி விஷயம்", "பெண்கள் விஷயம்" என்று நாம் ஒதுக்கி வைத்திருந்தோம். போனஸ், பஞ்சப்படி, பதிலி நிரந்தரம் இவை மட்டும்தான் சங்க விஷயம் என்ற பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. பேகம்பூர் தோல் ஷாப்புகளில் சங்கம் கட்டிய முன்னோடிகள் இப்படிப் பிரித்துப் பார்த்தார்களா? டி. செல்வராஜ் அந்தத் தொழிலாளர்களைப் பற்றி 'தோல்' நாவல் எழுதி 2012-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றபோது நாம் கைதட்டினோம். கைதட்டினால் மட்டும் ஆகிவிடுமா?

ஆள் எங்கே?

சர்க்காரிடம் திட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 2013-இல் மத்திய சர்க்கார் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஜில்லாவுக்கு ஒரு ஆரம்ப இடையீட்டு மையம். அதில் பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் இருக்க வேண்டும் என்பது திட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, ஊனத்தைத் தடுப்பதற்காகத் தாய்க்கும் சேய்க்கும் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பராமரிப்பு அளிப்பதை சர்க்காரின் கடமையாக்குகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வந்து பக்கவாதக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வயதானவர் வீட்டுக்கு வர முடிந்த பிசியோதெரபிஸ்டால், அதே தெருவில் இருக்கிற குறைமாதக் குழந்தையின் வீட்டுக்கு வர முடியாதா? எந்த வீட்டில் அந்தக் குழந்தை இருக்கிறது என்பது சர்க்காருக்குத் தெரியாத ரகசியமும் அல்ல. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்துப் பதிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே!

படித்தவர்கள் இல்லையா? நான்கரை ஆண்டு பிசியோதெரபி படித்துவிட்டுத் தனியார் கிளினிக்குகளில் அற்பச் சம்பளத்துக்கு உழைக்கிற வாலிபர்களும் பெண்களும் நமது ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தக் கிளினிக்குகளில் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். இருக்கிறவர் குழந்தை வாரம் ஐந்து தடவை போகிறது. இல்லாதவர் குழந்தை ஒரு தடவையும் போவதில்லை. ஆள் இருக்கிறது, நோயாளி இருக்கிறது. நடுவில் இல்லாதது நிரந்தர உத்தியோகம். ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்ற பெயரில் சர்க்கார் எப்படி ஆள் எடுக்கிறது என்பதை 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய நர்சுகளிடம் கேளுங்கள். மாதம் 7,700 ரூபாய்க்கு இரவும் பகலும் வேலை செய்தவர்கள் அவர்கள். ஒரு வருஷம் பழகிய கை அடுத்த வருஷம் வேறு வேலை தேடிப் போய்விட்டால், ஒரு கிலோக் குழந்தையை எப்படித் தூக்குவது என்பதை யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது?

பணம் இல்லை என்ற பல்லவிக்கு அவர்கள் கணக்கே பதில். மக்கள் சுகாதாரத்துக்கு 2025-க்குள் தேசிய உற்பத்தியில் 2.5 சதவீதம் செலவிடுவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதினார்கள். 2021-22-இல், கொரோனாக் காலத்தில்கூட, சர்க்கார்களின் மொத்தச் செலவு 1.84 சதவீதம்தான்.

ஊனம் வந்த பிறகு சர்க்கார் கொடுப்பது என்ன? தமிழகத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவித் தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாய் ஆயிற்று. ஆந்திராவில் 2024 ஜூலையில் 6,000 ஆக்கினார்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கத் தோழர்கள் இதற்காகச் சாலையில் உட்கார்ந்து கைதாகிறார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. அதோடு சேர்த்து, இந்தத் தொகை தேவைப்படாத அளவுக்குப் பிள்ளைகளை முதலிலேயே கவனி என்றும் கேட்க வேண்டும்.

திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கென்றே பயிற்சி பெற்ற நிரந்தர பிசியோதெரபிஸ்டுகள் வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொரு குறைமாதக் குழந்தைக்கும் பரிசோதனைத் தேதி எழுதிய அட்டையும், வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாளாவது சிகிச்சையும் வேண்டும். தாய் திண்டுக்கல்லுக்கு அலையக் கூடாது. சிகிச்சைக்கு வரும் நாளுக்குக் கூலி ஈடு வேண்டும். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள் பிரசவ லீவில் கழிக்கப்படக் கூடாது. கர்ப்பிணிக்கு இலகு வேலை ஐந்தாம் மாதத்திலிருந்தே கிடைக்க வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். அத்தோடு வேலை முடிந்துவிடாது. வேடசந்தூர் பகுதி ஆலைச் சங்கக் கிளைகளும் மாதர் சங்கக் கிளைகளும் இந்த மாதமே வீடு வீடாகப் போய், கடந்த மூன்று வருஷத்தில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பட்டியல் எடுக்க வேண்டும். எந்த வாரத்தில் பிறந்தது, தாய் அப்போது என்ன வேலையில் இருந்தார், வீடு திரும்பிய பின் யாராவது வந்து கை காலைப் பார்த்தார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை எழுதி ஆபீசுக்கு அனுப்புங்கள். பட்டியலில் முதல் பெயரை நாம் எழுதிவிட்டோம்.